முதுகலை வரலாறு: ஒரு நிலுவைத் தாள், 5 கிரெடிட் குறைவு. 2026க்குள் பட்டம் பெற முடியுமா?

வைகைக்கரையான்:

உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம். தென்மாவட்டம் ஒன்றில் உள்ள அரசு உதவிபெறும் கல்லூரியில் 2022ஆம் ஆண்டு முதுகலை வரலாறு சேர்ந்து, 2024 ஏப்ரலில் நான்காம் பருவத் தேர்வை எழுதினேன். ஆய்வேடு, வாய்மொழித் தேர்வு உட்பட 19 தாள்களில் தேறிவிட்டேன். மூன்றாம் பருவத்தின் விருப்பப்பாடமான சுற்றுலா மேலாண்மையில் மட்டும் அகமதிப்பீட்டில் 25க்கு 22, பல்கலைக்கழகத் தேர்வில் 75க்கு 34, ஆக மொத்தம் 56 பெற்றிருந்தும், மதிப்பெண் பட்டியலில் ‘ஆர்ஏ’, அதாவது மீண்டும் எழுத வேண்டும் என்று வந்துள்ளது. நூற்றுக்கு ஐம்பது எடுத்தால் தேர்ச்சி என்றுதான் நான் இதுவரை எண்ணியிருந்தேன். இதுவன்றி, கோடை விடுமுறையில் அருங்காட்சியகம் ஒன்றில் செய்த களப்பயிற்சிக்கு உரிய 2 கிரெடிட்டுக்கு (பாடத்துக்குரிய அளவுப் புள்ளி) எதிரே ‘ஏஏஏ’, அதாவது வரவில்லை என்று போட்டிருக்கிறார்கள். பயிற்சியை முழுமையாக முடித்து, அறிக்கையையும் துறையில் கொடுத்திருந்தேன்.

பட்டத்துக்கு 91 கிரெடிட் வேண்டும். என்னிடம் 86 இருக்கிறது. படிப்பு முடிந்த பிறகு, என் சொந்த ஆர்வத்தில் ஸ்வயம் என்ற மத்திய அரசின் இணையவழிப் படிப்புத் தளத்தில் இந்தியத் தொல்லியல் தொடர்பான 4 கிரெடிட் படிப்பு ஒன்றை முடித்துச் சான்றிதழும் வாங்கியுள்ளேன். அதை 3 கிரெடிட் விருப்பப்பாடத்துக்கு ஈடாகக் கொள்ள இயலுமா?

அவசரத்துக்குக் காரணம் உண்டு. இறுதியாண்டு மாணவர் என்ற முறையில் எழுதிய 2024 ஜூன் பருவ நெட் எனும் தேசியத் தகுதித் தேர்வில் உதவிப் பேராசிரியர் தகுதி பெற்றிருக்கிறேன். நான் பட்டத்தை எப்போதைக்குள் முடிக்க வேண்டும், இனி எனக்கு எத்தனை வாய்ப்புகள் மிஞ்சியிருக்கின்றன என்பதை விவரம் அறிந்தவர்கள் தெளிவுபடுத்தினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

பழைய கண்காணிப்பாளர்:

தம்பி, பல்கலைக்கழகம் ஒன்றின் தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலகத்தில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் பணியாற்றி ஓய்வு பெற்றவன் என்ற முறையில் எழுதுகிறேன். உங்கள் மதிப்பெண் பட்டியலில் பிழை எதுவும் இல்லை. தமிழ்நாட்டின் பல பல்கலைக்கழகங்களில் முதுகலைக்கு இரண்டு வாசல்களைத் தாண்ட வேண்டும். மொத்தத்தில் 50 விழுக்காடு என்பது ஒன்று. பல்கலைக்கழகத் தேர்வில் மட்டும் தனியாக 50 விழுக்காடு என்பது மற்றொன்று. எழுபத்தைந்தில் பாதி முப்பத்தேழரை என்பதால் 38 வேண்டும். உங்களுக்கு நான்கு குறைகிறது. இருபத்திரண்டு அகமதிப்பீட்டு மதிப்பெண் இருந்தும் தோற்றுவிட்டோமே என்று எங்கள் அலுவலகச் சாளரத்தில் வந்து நின்ற பிள்ளைகளின் எண்ணிக்கைக்குக் கணக்கே கிடையாது. சேரும்போது கையில் கொடுக்கப்படும் ஒழுங்குமுறை நூலைத் தேர்வு முடிவு வரும்வரை யாரும் பிரிப்பதில்லை என்பது என் நெடுநாள் வருத்தம்.

அடுத்து, நீங்கள் எந்த ஆண்டு சேர்ந்தீர்களோ அந்த ஆண்டின் ஒழுங்குமுறைதான் கடைசிவரை உங்களைக் கட்டுப்படுத்தும். உங்களுக்குப் பின்னால் வந்தவர்களுக்கு, அதாவது 2023-24 முதல், பல பல்கலைக்கழகங்களில் தமிழ்நாடு மாநில உயர்கல்வி மன்றத்தின் மாதிரிப் பாடத்திட்டம் நடைமுறைக்கு வந்து தாள்களின் பெயர்களும் குறியீடுகளும் மாறின. நீங்கள் எழுத வேண்டியது பழைய குறியீட்டின் கீழ் உள்ள பழைய தாளையே. அது இப்போது எந்த வகுப்பிலும் நடத்தப்படாவிட்டாலும், நிலுவை மாணவர் ஒருவர் கட்டணம் செலுத்தியிருந்தால் அவருக்காக வினாத்தாள் எடுத்தாக வேண்டும். அந்தத் தாளை அடியோடு விலக்கியிருந்தால், பாடத்திட்டக் குழுத் தலைவரின் பரிந்துரையோடு இணையான தாள் ஒன்றை அனுமதிப்பார்கள். கடைசி நேரத்தில் கேட்டால் அது கிடைக்காது; கட்டணத் தேதி அறிவிக்கப்படும் முன்பே எழுத்துமூலம் கேளுங்கள்.

கால வரம்பைப் பற்றிக் கேட்டீர்கள். படிப்பின் இயல்பான காலத்தோடு மேலும் இரண்டு ஆண்டுகள் என்பது பல்கலைக்கழக மானியக் குழு 2015இல் வகுத்த வழிகாட்டுதல். தக்க காரணம் இருந்தால் பல்கலைக்கழகம் தன் விருப்புரிமையில் மேலும் ஓர் ஆண்டு தரலாம். உங்கள் இயல்பான காலம் 2024இல் முடிந்ததால், 2026 ஏப்ரல் தேர்வு வரை உரிமையோடு எழுதலாம் என்று கொள்ளுங்கள். மூன்றாம் பருவத் தாள் ஆனாலும் நிலுவை மாணவர்கள் நவம்பர், ஏப்ரல் ஆகிய இரு அமர்வுகளிலும் எழுதலாம் என்பதால், உங்களுக்கு 2025 நவம்பரும் 2026 ஏப்ரலும் ஆக இரண்டு வாய்ப்புகள் உள்ளன. அதற்குப் பிறகு கதவு அடைபடும் என்று சொல்ல மாட்டேன். அண்ணா பல்கலைக்கழகம் 2021இல் இருபது ஆண்டுகளுக்கு முன் சேர்ந்தவர்களுக்கும் நிலுவைத் தாள் எழுதச் சிறப்பு வாய்ப்பு கொடுத்தது. ஆனால் அப்படிப்பட்ட வாய்ப்பு எப்போது வரும், வருமா என்பதெல்லாம் ஆட்சிக்குழுவின் கையில் இருப்பவை. அதை நம்பி ஓர் அமர்வைக்கூட விட்டுவிடாதீர்கள்.

களப்பயிற்சிக்கு வருவோம். ‘ஏஏஏ’ என்பதற்கு நீங்கள் பயிற்சிக்குப் போகவில்லை என்று பொருளில்லை. துறையிலிருந்து மதிப்பெண் இணையதளத்தில் ஏற்றப்படவில்லை என்பதே பெரும்பாலும் அதன் பொருள். இணையதளம் பூட்டப்பட்ட பின் ஏற்றுவதற்குத் துறைத்தலைவரின் கடிதமும் முதல்வரின் பரிந்துரையும் அறிக்கையின் நகலும் வருகைச் சான்றும் வேண்டும். இதற்குத் தேர்வு எழுத வேண்டியதில்லை. ஆனால் ஆள் பின்னாலேயே நடக்க வேண்டியிருக்கும்.

பொருளியல் மாணவி:

ஐயா அவர்களின் விளக்கத்துக்கு நன்றி. ஸ்வயம் படிப்பைப் பற்றி ஒன்று சொல்ல விரும்புகிறேன். எங்கள் கல்லூரியில் இரண்டாம் பருவ விருப்பப்பாடம் ஒன்றுக்குப் பதிலாக ஸ்வயம் படிப்பை எடுத்துக்கொள்ள என் வகுப்பில் எட்டுப் பேருக்கு அனுமதி கிடைத்தது. மதிப்பெண்ணும் பட்டியலில் ஏறியது. மானியக் குழுவின் 2021 ஒழுங்குமுறை ஒரு பருவத்தின் பாடங்களில் 40 விழுக்காடு வரை இதை அனுமதிக்கிறது. ஆகையால் கேள்வி கேட்டவர் தன் சான்றிதழை வைத்து ஒரு விண்ணப்பம் கொடுத்துப் பார்ப்பதில் தவறில்லை என்று நினைக்கிறேன்.

பழைய கண்காணிப்பாளர்:

அம்மா, நீங்கள் சொல்வது உங்கள் கல்லூரிக்குச் சரி. உங்களுடையது தன்னாட்சிக் கல்லூரி என்று ஊகிக்கிறேன். அங்கே பாடத்திட்டக் குழுவும் கல்விக் குழுவும் கல்லூரிக்குள்ளேயே இருப்பதால், எந்தப் பாடத்துக்கு எந்த ஸ்வயம் படிப்பு ஈடு என்பதைப் பருவத் தொடக்கத்திலேயே தீர்மானித்து விடுகிறார்கள். இவர் படித்தது பல்கலைக்கழகத்தின் பாடத்திட்டத்தையும் தேர்வையும் பின்பற்றும் இணைவுக் கல்லூரியில். மேலும், 40 விழுக்காடு என்பது பல்கலைக்கழகம் அனுமதிக்கக்கூடிய உச்சவரம்பு. மாணவர் தாமே ஒரு படிப்பை முடித்துவிட்டு, அதைத் தோற்ற தாளுக்குப் பின்னாளில் ஈடுகட்டும் உரிமையை அது தரவில்லை. முன் ஒப்புதல் இருந்தால்தான் அது கணக்கில் வரும்.

இன்னொன்றையும் கவனியுங்கள். 91 என்பது ஒரே உண்டியலில் போடும் காசு அல்ல. முதன்மைப் பாடம், விருப்பப்பாடம், பிற துறைப் பாடம், களப்பயிற்சி என்று தனித்தனி அறைகள் உள்ள அஞ்சறைப்பெட்டி. மிளகு நிறைய இருக்கிறது என்பதற்காகச் சீரகம் இருக்கும் அறை நிரம்பிவிடாது. அந்தத் தொல்லியல் படிப்பு கிரெடிட்டுகளைச் சேமித்து வைக்கும் உங்கள் கல்விக் கிரெடிட் வங்கிக் கணக்கில் இருக்கட்டும், பின்னாளில் உதவலாம். இந்தப் பட்டத்துக்கு அது உதவாது.

கௌரவ விரிவுரையாளர்:

நெட் தொடர்பான பகுதிக்கு மட்டும் நான் பதில் சொல்கிறேன். நானும் இறுதியாண்டு மாணவியாக எழுதித் தேறியவள்தான். 2024 ஜூன் 18இல் நடந்து மறுநாளே ரத்தான அந்தத் தேர்வு, ஆகஸ்ட் 21 முதல் செப்டம்பர் 4 வரை மீண்டும் நடத்தப்பட்டு, அக்டோபரில் முடிவு வந்தது. இறுதியாண்டு மாணவர்களாக எழுதியவர்கள் முடிவு வெளியான நாளிலிருந்து இரண்டு ஆண்டுகளுக்குள், உரிய விழுக்காட்டோடு முதுகலையை முடித்தாக வேண்டும். இல்லையேல் தகுதி செல்லாது. ஆகவே உங்கள் கெடு 2026 அக்டோபர். ஏப்ரல் தேர்வின் முடிவு வழக்கமாக ஜூன், ஜூலையில் வந்துவிடும் என்றாலும், நீங்கள் நவம்பரிலேயே முடிப்பது நல்லது. முடிவு தாமதமானால் அதற்கு யாரும் பொறுப்பேற்க மாட்டார்கள். அதே தேர்வின் முனைவர் பட்டச் சேர்க்கைக்கான மதிப்பெண் ஓராண்டுக்கு மட்டுமே செல்லும் என்பதால், அதை இனி மறந்துவிடலாம்.

நான் கவலைப்படுவது வேறொன்றைப் பற்றி. உரிய விழுக்காட்டோடு என்று சொன்னேனே, அது பொதுப்பிரிவுக்கு 55. பட்டியல் சாதி, பழங்குடி, மாற்றுத்திறனாளிகள், மத்திய அரசுப் பட்டியலின்படியான இதர பிற்படுத்தப்பட்டோரில் வளமான பிரிவைச் சாராதோர் ஆகியோருக்கு 50. முழு எண்ணாக்கும் வழக்கம் கிடையாது, 54.9 என்றாலும் 55 ஆகாது. விண்ணப்பத்தில் எந்தப் பிரிவில் பதிந்தீர்கள், 19 தாள்களின் கூட்டுத்தொகை எவ்வளவு?

வைகைக்கரையான்:

பொதுப்பிரிவு, அம்மா. எங்கள் சமூகம் மாநிலப் பட்டியலிலும் மத்தியப் பட்டியலிலும் இருந்தாலும், மத்திய அரசுக்கு உரிய படிவத்தில் சான்றிதழ் விண்ணப்பிக்கும் நேரத்தில் கையில் இல்லை; வருவாய் அலுவலகத்தில் வாங்கியது மாநிலப் படிவம் மட்டுமே. 19 தாள்களின் கூட்டுத்தொகை 1900க்கு 1036. களப்பயிற்சிக்குக் கிரெடிட் மட்டும்தான்; மதிப்பெண் மொத்தத்தில் சேராது.

கௌரவ விரிவுரையாளர்:

அப்படியானால் 38 எடுத்துத் தேறுவது உங்களுக்குப் போதாது. 38 எடுத்தால் அந்தத் தாளில் 60; மொத்தம் 2000க்கு 1096, அதாவது 54.8 விழுக்காடு. பட்டம் கிடைக்கும், நெட் தகுதி போய்விடும். 55க்கு 1100 வேண்டும். அதற்கு அந்தத் தாளில் 64, அதாவது அகமதிப்பீட்டு 22 போக எழுத்துத் தேர்வில் 42 எடுத்தாக வேண்டும். அதற்கு மேல் சில மதிப்பெண்கள் கூடுதலாகவே எடுங்கள். உங்கள் பல்கலைக்கழகம் விழுக்காட்டை நேர்க்கூட்டலில் கணக்கிடுகிறதா, கிரெடிட் எடையோடு கணக்கிடுகிறதா என்பதை மதிப்பெண் பட்டியலின் பின்பக்கத்தில் சரிபாருங்கள். கிரெடிட் எடை என்றால் என் கணக்கு சற்று மாறும்.

இதில் பலர் செய்யும் தவறு ஒன்று உண்டு. 38 எடுத்துத் தேறிவிட்டால், விழுக்காட்டைக் கூட்டுவதற்காக அதே தாளை மறுபடி எழுதலாம் என்று நினைக்கிறார்கள். தேறிய தாளை மீண்டும் எழுத எல்லாப் பல்கலைக்கழகங்களும் அனுமதிப்பதில்லை. எனவே, தேர்ச்சி உங்களுக்கு எளிது. 42தான் உங்கள் உண்மையான தேர்வு. பத்து மதிப்பெண் வினாக்களில் நேரம் போகிறது என்று ஒன்றை விட்டுவிட்டு வரும் பழக்கம் இருந்தால், இந்த ஒரு முறை அதைக் கைவிடுங்கள்.

பழைய கண்காணிப்பாளர்:

விரிவுரையாளர் அம்மா சொன்ன கணக்கை நான் கவனிக்கத் தவறிவிட்டேன். மிகச் சரியான எச்சரிக்கை. ஒன்றை மட்டும் சேர்க்கிறேன். தாளில் தேறிய உடனே பட்டம் வந்துவிடாது. 91 கிரெடிட்டும் நிறைந்த பிறகுதான் ஒருங்கிணைந்த மதிப்பெண் பட்டியலும் தற்காலிகச் சான்றிதழும் தருவார்கள். களப்பயிற்சி ‘ஏஏஏ’ அப்படியே இருந்தால், நவம்பரில் எழுத்துத் தேர்வில் 60 எடுத்தாலும் கையில் எதுவும் வராது. தகுதி பெற்ற நாளிலிருந்து 180 நாட்களுக்குள் பட்டம் வழங்க வேண்டும் என்று மானியக் குழுவின் 2008 ஒழுங்குமுறை சொல்கிறது. அந்தத் தகுதி நாளே உங்கள் கோப்பு முழுமையான பிறகுதான் தொடங்கும். பட்டமளிப்பு விழாவுக்குத் தனி விண்ணப்பம், தனிக் கட்டணம். நெட் சான்றிதழோடு ஒப்பிட உங்களுக்கு உடனடியாகத் தேவைப்படுவது தற்காலிகச் சான்றிதழே. தமிழ்வழியில் படித்திருந்தால், தமிழ்வழிச் சான்றிதழையும் கல்லூரி முதல்வரிடம் இப்போதே வாங்கி வையுங்கள். 2020 திருத்தத்துக்குப் பின் மாநில அரசுப் பணி நியமனத்தில் 20 விழுக்காடு முன்னுரிமைக்குப் பள்ளி முதலே தமிழ்வழியில் படித்திருப்பதைக் காட்ட வேண்டியிருக்கிறது.

வைகைக்கரையான்:

அனைவருக்கும் என் மனமார்ந்த நன்றி. நேற்று கல்லூரிக்குச் சென்றேன். என் களப்பயிற்சி அறிக்கை துறை அலமாரியில், பச்சை நாடாவால் கட்டிய கட்டுக்குள், நான் கொடுத்த அட்டையோடு அப்படியே இருந்தது. அப்போதைய துறைத்தலைவர் ஓய்வு பெற்ற மாதத்தில்தான் மதிப்பெண் ஏற்றும் காலமும் முடிந்திருக்கிறது. என்னோடு இன்னும் இருவருக்கும் இதே நிலை என்று இப்போதுதான் தெரிந்தது. மூவரும் சேர்ந்து கையெழுத்திட்டு முதல்வரிடம் கடிதம் கொடுத்திருக்கிறோம்; தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலருக்கு அனுப்பிய நகலின் ஒப்புகை எண்ணையும் வாங்கிக்கொண்டேன். மதிப்பெண் பட்டியலின் பின்பக்கத்தையும் பார்த்தேன். நேர்க்கூட்டல்தான் என்று அச்சிட்டிருக்கிறது. ஆகவே 42 என்ற எண் உறுதி.

இணையவழிக் கட்டணப் படிவத்தில் என் பழைய தாள் குறியீடு காட்டப்படவில்லை. ஐயா சொன்னபடி, அதையும் எழுத்துமூலம் கேட்டிருக்கிறேன். பழைய தாளுக்கே வினாத்தாள் எடுக்கப்படும், கட்டணத்தை வங்கிச் செலுத்துச்சீட்டில் செலுத்தலாம் என்று தொலைபேசியில் சொன்னார்கள், எழுத்தில் இன்னும் வரவில்லை. 2023-24க்கு முந்தைய பாடத்திட்டத்தின் சுற்றுலா மேலாண்மை வினாத்தாள்கள் யாரிடமாவது இருந்தால், தயவுசெய்து இங்கேயே பதிவிடுங்கள். மற்ற இருவரில் ஒருவருக்கும் அதே தாள் நிலுவையில் உள்ளது.