ஸ்னோமொபைல் "சாக்": தமிழில் என்ன சொல்லலாம்? (வெள்ளி இரவுக்குள்ள வேணும்)

ஸ்காபறோ வாசி:
எல்லாருக்கும் வணக்கம். எங்கட ஆக்கள் பத்துப் பேர் பனியில ஓடுற பழைய ஸ்னோமொபைல் வாங்கி வச்சிருக்கினம், சனிக்கிழமை ஒரு கராஜில சஸ்பென்சன் செட் பண்ணுற வகுப்பு, தமிழில ரெண்டு பக்கத் தாள் நான் எழுதித் தாறன் எண்டு வாய் குடுத்திட்டன். வண்டிக்குப் பனியுந்து எண்டு போட்டாச்சு, அதில தயவுசெய்து ஒருத்தரும் கை வைக்க வேண்டாம். நிக்கிறது "சாக்" (sag) எண்ட சொல்லில.

விசயம் இதுதான். பின் பம்பரைத் தூக்கி முழுசா நிமிர விட்டு நிலத்தில இருந்து அளக்கிறது. பிறகு ஜக்கெட், பூட்ஸ், ஹெல்மெட் எல்லாத்தோடயும் ஏறி இருந்து திரும்ப அளக்கிறது. ரெண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் சாக். சஸ்பென்சன் ஓடுற மொத்தத் தூரத்தில கால்வாசிக்கும் மூண்டில ஒண்டுக்கும் இடையில நிண்டாச் சரி. கூடினா பின்பக்கம் குந்தீடும், முன்னால ஸ்கீ (சறுக்குக் கட்டை) ரெண்டும் பாரமில்லாமல் மிதக்கும், ஹாண்டிலைத் திருப்பினாலும் வண்டி நேராத்தான் போகும். வளைவில மரம் நிக்கும்.

அகராதிப்பூனை:
தொய்வு. முடிஞ்சது. கொடிக்கயிறு தொய்ஞ்சு போச்சுன்னு சொல்றோம்ல, அதேதான்.

ஸ்காபறோ வாசி:
தொய்வு எண்டா எங்களுக்கு ஆஸ்துமா. "ஏறி இருந்து தொய்வை அளக்கவும்" எண்டு எழுதினா இன்ஹேலரோட வருவினம்.

கோவை மெக்கானிக்:
நான் இந்த வண்டிய வீடியோல மட்டும்தான் பாத்திருக்கேன், ஆனா ஷாக் அப்சார்பர் எங்க இருந்தாலும் ஷாக்தானுங்களே, அதனால சொல்றேன். பட்டறைல "அமுங்குது"ம்போம், ஆனா அமுங்கல்னு போட்றாதீங்க, பள்ளத்துல விழறப்ப அமுங்கறது வேற, ஆள் ஏறினதும் வண்டி இறங்கி அப்படியே நிக்கறது வேற, மொத விசயத்துக்கு ஷாக்கோட ஆயில் பதில் சொல்லணும், ரெண்டாவதுக்கு ஸ்பிரிங்கு. இத ஒரே சொல்லுல போட்டா படிக்கறவன் தப்பான நட்டத் திருகுவான். மூட்டை ஏத்தினா லாரி "பதியுது"ம்பாங்க. பதிவுன்னு வைங்க.

சிங்கைச் சிட்டு:
பதிவுன்னா வண்டி நம்பரைத் தேட மாட்டாங்களா? கீழ இறங்குறதையும் சேர்த்துச் சொன்னா குழப்பம் வராது. என் பரிந்துரை: பதிவிறக்கம்.

சிங்கைச் சிட்டு:
அனுப்பின அப்புறம்தான் வாய்விட்டுப் படிச்சேன். மன்னிக்கவும்.

அகராதிப்பூனை:
"பதிவிறக்கம் 3 அங்குலம் ஆனதும் வண்டியை அணைத்து மீண்டும் தொடங்கவும்."

புலவர் ஐயா:
முதற்கண், பனியுந்து பிழை. பனி என்பது நமக்கு மார்கழிப் புல்லின் மேல் இருப்பது. வெண்பனியுந்து என்க. நிற்க. புறநானூற்றின் 102ஆம் பாட்டில் ஔவையார் உமணரின் உப்பு வண்டியைச் சொல்லும்போது "அவல் இழியினும் மிசை ஏறினும்" என்கிறார். பள்ளத்தில் இறங்கினாலும் மேட்டில் ஏறினாலும் என்ன ஆகுமோ என்று வண்டியின் அடியில் சேம அச்சு, அதாவது மாற்று அச்சு, ஒன்றைக் கட்டிக்கொண்டு போனவர்கள் நம்மவர்கள். வண்டி தாழும் அளவுக்கு "அவல்" என்ற சொல் இரண்டாயிரம் ஆண்டாகக் காத்திருக்கிறது.

கோவை மெக்கானிக்:
ஐயா, அவல்னா இங்க வெல்லமும் தேங்காய்ப்பூவும் போட்டுக் குடுப்பாங்க.

புலவர் ஐயா:
அதுவும் இதுவே தம்பி. நெல் இடிபட்டுத் தாழ்ந்து தட்டையாவதால்தான் அது அவல்.

அகராதிப்பூனை:
இந்த வேர் ஐயாவின் சொந்தத் தோட்டத்தில் விளைந்ததுன்னு குறிச்சு வச்சுக்கறேன். அப்புறம், அந்தப் பாட்டுல அவல்ங்கிறது பாதையில இருக்கிற பள்ளம். வண்டி இறங்குற அளவு இல்ல. சேம அச்சை ஸ்டெப்னிக்கு வேணும்னா எடுத்துக்கலாம், கேட்டா இந்த வண்டிக்கு ஸ்டெப்னியே கிடையாது.

சிங்கைச் சிட்டு:
எதுக்கு இவ்ளோ? "சாக்"னே போடுங்க. இந்த வண்டியை உருவாக்கின கனடாக்காரர் பொம்பார்டியே 1959ல அதை விக்க வந்தப்ப ஸ்கீ-டாக்னு பேர் வைக்க நினைச்சு, எழுத்துப்பிழையில ஸ்கீ-டூ ஆயிடுச்சுன்னு ஒரு கதை உண்டு. அவர் வேர்ச்சொல் பாத்துட்டு இருந்தாரா?

ஸ்காபறோ வாசி:
உண்மைதான், இஞ்ச எந்தக் கொம்பனி வண்டியையும் ஸ்கீடூ எண்டுதான் கனபேர் சொல்லுறது. ஆனா அந்த மனுசனுக்கு 1934இல, குளிர்காலத்தில, ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வழியில்லாமல் ரெண்டு வயசு மகன் செத்தது. 1937இல ட்ராக்குக்கு (வண்டிக்குக் கீழ சுழலுற பட்டைக்கு) காப்புரிமை எடுத்தவர். பேருக்கு மினக்கெட நேரம் இருந்திராது.

அகராதிப்பூனை:
சிட்டு, ஒலிபெயர்ப்புல ஒரு ஓட்டை இருக்கு. ஐயா மாதிரி கிரந்தம் தள்ளி எழுதினா ஷாக்கும் சாக், இதுவும் சாக். "சாக்கில் சாக் அதிகமானால் சாக்கை மாற்றாதே, ஸ்பிரிங்கை இறுக்கு." இதைப் படிக்கிறவனுக்குக் கோணிச்சாக்கு ஞாபகம்தான் வரும்.

புலவர் ஐயா:
"வடவெழுத்து ஒரீஇ", அதாவது வடவெழுத்தை நீக்கி, என்று தொல்காப்பியர் சொன்னதை மறந்தால் இப்படித்தான்.

அகராதிப்பூனை:
ஒரீஇ எழுதினதாலதான் ஐயா இந்தக் குழப்பமே.

ஸ்காபறோ வாசி:
வியாழன் ஆச்சு. வாரைப் பற்றியும் ஒரு வரி சொல்லுங்கோ. ஸ்கிட்டின்ர (ட்ராக்குக்குள்ள இருக்கிற பின் சஸ்பென்சன் சட்டத்தின்ர) முன் கையை ஒரு அளவுக்கு மேல கீழ போக விடாமல் பிடிச்சு வைக்கிற பட்டி. ஒரு துளை குறுக்கினா பாரம் முன்னால வந்து ஸ்கீ பனியைக் கடிக்கும், வளைவு நல்லா எடுக்கும். நீட்டினா ஆக்ஸிலேட்டர் குடுக்க மூக்குத் தூக்கும், ஆழமான பனியில அது நல்லது. "கட்டுவார்" எண்டு போட்டிருக்கிறன், கட்டு + வார்.

புலவர் ஐயா:
வினைத்தொகையாகச் சரி. வினையாலணையும் பெயராகவும் படிக்கலாம் என்பதுதான் சங்கடம். "கட்டுவாரைக் குறுக்கவும்" என்றால் கட்டுகிறவர் என்ன பாவம் செய்தார்?

கோவை மெக்கானிக்:
வெறும் "வார்" போதுமுங்க. செருப்பு வார் தெரியாத ஆள் உண்டா? இன்னொண்ணு, தாள்ல வரிசை மாத்தீராதீங்க, மொதல்ல இந்த இறக்கத்தச் சரி பண்ணிட்டுத்தான் வார்ல கை வைக்கணும், ஒரு நேரத்துல ஒண்ணு, மாத்தினத எழுதி வச்சு ஒரு ரவுண்டு ஓட்டிட்டு அடுத்தது. 55 கிலோ மச்சானும் 95 கிலோ மச்சானும் ஒரே செட்டிங்ல ஓட்டுனா ரெண்டு பேரும் வண்டியத்தான் திட்டுவாங்க.

சிங்கைச் சிட்டு:
மெக்கானிக் அண்ணன் தன்னை அறியாம "இறக்கம்"னு சொல்லிட்டார், கவனிச்சீங்களா? சுமையிறக்கம்?

அகராதிப்பூனை:
அது லாரியில மூட்டை இறக்கறது.

சிங்கைச் சிட்டு:
ஆளிறக்கம்?

அகராதிப்பூனை:
அது பஸ் ஸ்டாப்.

கோவை மெக்கானிக்:
சும்மா இறக்கம்னே விடுங்க. தாள்ல மொத தடவை "ஆள் ஏறினதும் வண்டி இறங்கி நிக்கிற அளவு"ன்னு விளக்கிட்டு, அப்புறம் பூரா இறக்கம். நான் கைதூக்கறேன்.

சிங்கைச் சிட்டு:
நானும்.

அகராதிப்பூனை:
மலைப்பாதை இறக்கத்தோட குழம்பும். ஆனா தூக்கம் வருது. சரி.

ஸ்காபறோ வாசி (ஞாயிறு):
எல்லாருக்கும் நன்றி. "இறக்கம்" எண்டுதான் அச்சடிச்சது. வகுப்பில ஒரு அண்ணை எழும்பி, "தம்பி இந்த இறக்கத்தில பிரேக் பிடிக்கலாமோ" எண்டு கேட்டவர், பூனை சொன்னது சரி. விளக்கின பிறகு பம்பரைத் தூக்கி அளந்தவை, ஒம்பது வண்டியில ஏழு கூடக் குந்தியிருந்தது, ஸ்பிரிங் காமை (ஸ்பிரிங்கை இறுக்கிற படிவளையத்தை) ஒரு படி ரெண்டு படி திருப்பினம். அளக்கேக்க வாயில வந்தது முழுக்க "சாக் எவ்வளவு, சாக் எவ்வளவு". "வார்" மட்டும் ஒட்டிக்கொண்டுது.

புலவர் ஐயா:
வகுப்பு நன்றாக நடந்ததில் மகிழ்ச்சி. அச்சடித்தது இருக்கட்டும். என் கைக்குறிப்பில் "அவல்: ஊர்தி சுமையால் தாழும் அளவு" என்று எழுதிவிட்டேன், அடிக்கப் போவதில்லை. பனியுந்து பற்றி ஒருவரும் பதில் சொல்லவில்லை.