போடிமெட்டு ரோட்டை மழை மாசத்துல ராத்திரி மூடணுமா, வேணாமா?

ஆரப்பாளையத்தான்:
ஐப்பசி பிறந்தா அதே கதைதான். போடியில இருந்து மூணாறு போற போடிமெட்டு மலை ரோட்டுல மண்ணு சரியும், அடிவாரத்து முந்தல்ல தடுப்பு போடுவாங்க, மேல போனவன் மேல, கீழ நின்னவன் கீழ. புள்ளகுட்டியோட மூணாறு கிளம்புனவன் ராத்திரி பத்து மணிக்கு வண்டியத் திருப்பிக்கிட்டு வரணும். அதுக்கு, அக்டோபர்ல இருந்து டிசம்பர் முடிய சாயங்காலம் ஏழு மணி முதல் காலைல ஆறு மணி வரைக்கும் மொத்தமா மூடிட்டா என்ன? முன்னாடியே தெரிஞ்சா அவனவன் அதுக்குத் தக்கன கிளம்புவான். சத்தியமங்கலத்துக்கு மேல திம்பம் மலை ரோட்டுல 2022 பிப்ரவரியில இருந்து ராத்திரித் தடை இருக்கு. அங்க என்ன குடியா முழுகிப் போச்சு? மலை உச்சியில, கேரளா எல்லையில, போடிமெட்டு ஊர்ல இருக்கிறது நாலு டீக்கடை, ரெண்டு செக்போஸ்ட். அதுக்காகப் பதினேழு கொண்டை ஊசி வளைவுல ராத்திரி உசுரக் கையில பிடிச்சுக்கிட்டு ஏறணுமா?

பிக்கப் பாண்டி:
ஏழு மணிக்கு மூடுனா நான் என்னண்ணே பண்றது, வண்டிய வித்துட்டு வடை போடவா?

மெட்டுக்காரி:
நாலு டீக்கடைன்னு எழுதுன அண்ணனுக்கு. அந்த டீக்கடைக்குப் பின்னாடி சரிவுல வீடுக இருக்கு, ரோட்டுல போற உங்களுக்குத் தெரியாது. நான் அங்கதான் பொறந்தேன். இப்ப ஆனையூர்ல இருக்கேன், அம்மாவும் தம்பியும் இன்னும் அங்கதான். மெட்டுல ஆஸ்பத்திரி கிடையாது. காய்ச்சல்னா போடி, அதுக்கு மேல ஏதாச்சும்னா தேனி க.விலக்கு பெரியாஸ்பத்திரி. பலசரக்கு, பள்ளிக்கூடம், கல்யாணத் துணி எல்லாத்துக்கும் இந்த ஒரே ரோடுதான். அந்தப் பக்கம் போகலாம்னா தோண்டிமலை தாண்டி பூப்பாறை, ஆனா அது கேரளா. நம்ம ரேஷன் கடை அங்க இல்ல.

எங்க மதினிக்கு வலி எடுத்தது ராத்திரி ஒன்பது மணிக்கு. 108க்கு அடிச்சோம், வண்டியும் கிளம்பிருச்சு. கீழ தடுப்புல நின்னவரு "மேல இருந்து சொன்னாத்தான் விடுவேன்"ங்கிறாரு. மேல யாருக்கு அடிக்கிறதுன்னு எங்களுக்கும் தெரியல, அவருக்கும் தெரியல. கடைசில தம்பி ஜீப்புல ஏத்தி, ஒரு வளைவுல கல்ல உருட்டிவிட்டுக் கீழ கொண்டாந்தான். புள்ள நல்லாருக்கு, இப்ப ரெண்டாப்பு. அன்னிக்கு ஒரு நாள் தடைக்கே இப்படி. மூணு மாசம் தினமும் மூடுறதா?

ஆரப்பாளையத்தான்:
தங்கச்சி, உங்க வலி புரியுது. ஆம்புலன்ஸ விடாதீங்கன்னு நான் எங்க சொன்னேன்? ஊர்க்காரங்களுக்கு விலக்கு குடுக்கட்டும். திம்பத்துலயும் அப்படித்தான் குடுத்திருக்காங்க. நான் சொல்றது வெளியூர் வண்டி. கேரளாப் பக்கம் மூணாறு வரைக்கும் 42 கிலோமீட்டர் அகலமாப் போட்டு 2024 ஜனவரில திறந்தாங்க. அதுல பறந்து வர்றவன் மெட்டுக்கு வந்ததும் அதே வேகத்துல நம்ம வளைவுக்குள்ள இறங்குறான். பனிமூட்டம், மழை, எதிர்ல லாரி. சனி ஞாயிறு ராத்திரி ஒருக்கா நின்னு பாருங்க.

காய்க்கடை போடி:
திம்பத்தையும் மெட்டையும் ஒண்ணா வைக்காதீங்க. திம்பம் புலிகள் காப்பகத்துக்குள்ள போற ரோடு. வண்டியில அடிபட்டு மிருகம் சாகுதுன்னு ஹைகோர்ட் வரைக்கும் போய் வந்த தடை. அதுக்கே திம்பத்துக்கு மேல இருக்கிற தாளவாடி விவசாயிங்க தெருவுக்கு வந்து போராடித்தான் உள்ளூர் ஆளுக்கு விலக்கும் நேரத் தளர்வும் கிடைச்சது. இங்க பிரச்சினை மண்ணு. மண்ணுக்கு ஏழு மணி, ஆறு மணி தெரியுமா?

இன்னொண்ணு, ஐப்பசி கார்த்திகைதான் ஏலக்காய் எடுப்பு மும்முரமா ஓடுற நேரம். விடியுமுன்ன இருட்டுலயே போடியில ஜீப்பு ஜீப்பா பொம்பளையாளுக மேல ஏறுவாங்க. நாளெல்லாம் ஏலச் செடித் தூர்ல குந்தி, சரத்துல பழுத்ததாப் பார்த்துப் பறிச்சு, சாயங்காலம் அட்டைக்கடியோட இறங்குவாங்க. காலைல ஆறு மணிக்குத்தான் தடுப்ப எடுப்பேன்னா அவங்க எப்பத் தோட்டத்துக்குப் போய்ச் சேர்றது? அரை நாள் கூலிய யாரு குடுப்பா? பறிச்ச பச்சக் காய அன்னன்னிக்கே ஸ்டோர்ல காய வைக்கணும். ஒரு நாள் கிடந்தா நிறம் போயிரும், நிறம் போனா ஏலத்துல விலை போயிரும். நறுமணப் பொருள் வாரிய ஏலம் போடியிலயும் நடக்குது, கேரளாப் பக்கம் புத்தடியிலயும் நடக்குது. இந்த ரோடு படுத்தா சரக்கு எங்கிட்டுத் திரும்பும்னு நான் சொல்ல வேண்டியதில்ல.

ஆரப்பாளையத்தான்:
பொம்பளையாளுகளுக்காகப் பேசுறீங்க, சந்தோசம். அந்த ஜீப்புல எத்தன பேர ஏத்துறாங்கன்னும் எழுதுங்க. பின்னாடி தொத்திக்கிட்டு வர்றத நான் கண்ணால பார்த்திருக்கேன்.

காய்க்கடை போடி:
அது தப்புதான். அதுக்கு ஜீப்பப் பிடிங்க, ரோட்டை ஏன் பிடிக்கிறீங்க?

ஓய்வுபெற்ற ஓவர்சியர்:
நெடுஞ்சாலைத் துறையில் மலைச்சாலை வேலை பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன். இரு தரப்பும் நாள்காட்டியையும் கடிகாரத்தையும் வைத்துச் சண்டை போடுகிறீர்கள். சரிவுக்குக் காரணம் வேறு. ரோட்டுக்காக மலையை வெட்டிய இடத்தில் சரிவு செங்குத்தாக நிற்கும். பாறையின் மேல் மக்கிய மண், அதன் நடுவே உருட்டுக் கற்கள். மழைத் தண்ணீர் மண்ணுக்குள் இறங்கிப் பாறை மேல் வழுக்கும் இடத்தில் மொத்தமும் கழன்று வரும். மலைப் பக்கத்து ஓடையில் இலையும் பிளாஸ்டிக்கும் அடைத்துக்கொண்டால் தண்ணீர் ரோட்டின் குறுக்கே பாய்ந்து, பள்ளத்துப் பக்கத்துச் சுவரின் அடியை அரிக்கும். புலியூத்துப் பக்கம் போகிறவர்கள் ஒரு மழை நாளில் இறங்கி அந்த ஓடையைப் பாருங்கள். தண்ணீர் குழாய்ப் பாலத்துக்குள் போகிறதா, தார் மேல் போகிறதா என்று பார்த்தாலே அந்த வருடம் எங்கே பிய்க்கும் என்று சொல்லிவிடலாம்.

இன்னொன்று: கல் விழுவது மழை பெய்யும்போது மட்டும் இல்லை. மழை விட்டு, வானம் வெளுத்து, "இனி பயமில்லை" என்று தடுப்பை எடுத்த பிறகும் மணிக்கணக்கில் விழும். வடகிழக்குப் பருவத்தில் மழை பெரும்பாலும் பிற்பகலிலும் மாலையிலும் பிடிக்கிறது. ஆக ராத்திரிக்கு ஆபத்து அதிகம் என்பதில் ஆரப்பாளையத்தாருக்கு நான் பாதி ஓட்டுப் போடுகிறேன். ஆனால் மழையே இல்லாத ராத்திரியில் எதற்கு மூடுவது? மேலே ஒரு மழைமானி, நடுவழியில் ஒன்று. இத்தனை மில்லிமீட்டர் தாண்டினால் மூடு, நின்று இத்தனை மணி நேரம் கழித்துத் திற.

பிக்கப் பாண்டி:
ஐயா சொல்றது நல்லாத்தான் இருக்கு. மழைமானிய யாரு பார்க்கிறது? ராத்திரி தடுப்புல நிக்கிற போலீஸ்காரருக்கு மழை பெய்யிறது அவர் தொப்பி நனைஞ்சாத்தான் தெரியும். முந்தல்ல வெயில் அடிக்கும், எட்டாவது வளைவு தாண்டுனா ஊத்தும்.

நான் காய்கறி லோடு. ராத்திரி போடியில ஏத்தி, பூப்பாறை, ராஜகுமாரி, மூணாறு கடைகளுக்கு விடியுமுன்ன இறக்கணும். ஆறு மணிக்குத் திறந்தா நான் போய்ச் சேரும்போது அங்க கடையில வேற வண்டிச் சரக்கு இருக்கும். கம்பம்மெட்டு சுத்திப் போன்னு சொல்வீங்க. கார்த்திகை மார்கழில அந்தப் பாதைய ஐயப்பசாமி வண்டிக்கு ஏத்தத்துக்கு மட்டும்னு ஒருவழியாக்கி, குமுளி வழியா இறக்குவாங்க. அதுக்குள்ள இந்த வண்டிகளையும் தள்ளுனா சாமி சரணம்தான்.

உண்மையச் சொல்லணும்னா எனக்கு மண்சரிவ விடப் பனிதான் பயம். முன்னாடி போற வண்டியோட சிவப்பு லைட்டு தெரியாது. அதுக்கு ஓரத்துல பளபளக்கிற ஸ்டிக்கர ஒழுங்கா ஒட்டுனாப் போதும், ஒரு வருசம் ஒட்டுறாங்க, மறுவருசம் சேறு மூடிருது.

பழைய மதுரை:
தேனி மதுரை மாவட்டத்துல இருந்த காலத்து ஆளு நான், 1996ல தானே பிரிச்சாங்க. மலை மேல இருக்கிற சின்ன ஊரெல்லாம் போக்குவரத்தை நம்பித்தான் பிழைக்குது. மூணாறு தேயிலை ஒரு காலத்துல டாப் ஸ்டேஷன்ல இருந்து ரோப்வேயில கொட்டகுடிக்கு இறங்கி, போடிக்கு வந்துச்சு. 1924 வெள்ளம் மூணாறுல இருந்து டாப் ஸ்டேஷன் வரைக்கும் இருந்த ரயில் பாதைய அடிச்சிட்டுப் போயிருச்சு. பின்னாடி லாரி ரோடு வந்ததும் சரக்கு வேற வழியில போக ஆரம்பிச்சது. ரோப்வே நடுவுல இருந்த சென்ட்ரல் ஸ்டேஷன் இன்னிக்கு மலையேறப் போறவன் மூச்சு வாங்க உட்கார்ற இடம். வழி மாறுனா மெட்டுக்கும் அதே கதிதான்.

ஆரப்பாளையத்தான்:
ஐயா, மூணு மாசம் ராத்திரி மட்டும் மூடச் சொன்னேன், ரோட்டையே சுருட்டி வீட்டுக்குக் கொண்டு போகச் சொல்லல. நம்பர் 49ன்னு இருந்து 85 ஆன தேசிய ஹைவே, கொச்சியில இருந்து தொண்டி வரைக்கும் போகுது. அது அம்புட்டு லேசுல காணாமப் போகாது.

மெட்டுக்காரி தங்கச்சிக்கு ஒரே கேள்வி. ஊர் வண்டிக்கு விலக்கு குடுத்தா உங்களுக்கு என்ன கஷ்டம்?

மெட்டுக்காரி:
ஊர் வண்டின்னு எத வச்சுக் கண்டுபிடிப்பீங்க அண்ணே? டி.என். 60ன்னு தேனி நம்பர் பார்த்து விடுவீங்களா? எங்க ஊர்ல பாதி வண்டி கே.எல். 06, கேரளா இடுக்கி நம்பர். பூப்பாறையில செகண்ட்ஸ்ல வாங்குனது, இல்லாட்டி தோட்ட மொதலாளி பேர்ல இருக்கிறது. போடியில இருந்து டூர் போற கார்தான் டி.என். 60. நம்பர் பார்த்தா டூர் வண்டி உள்ள போகும், எங்க ஜீப்பு வெளிய நிக்கும். ஆதார் பார்ப்பேன்னா, ஆதார்ல போடி விலாசம் வச்சுக்கிட்டு மேல குடியிருக்கிறவங்க இருக்காங்க, கேரளா சாந்தன்பாறை விலாசம் வச்சுக்கிட்டு இங்க கடை போட்டவங்களும் இருக்காங்க. தாளவாடி மொத்தமும் ஒரே மாநிலம். நாங்க ரெண்டு மாநிலக் கோட்டு மேல உட்கார்ந்திருக்கோம்.

அதுலயும் தடுப்பு ரெண்டு இடத்துல இருக்கு. முந்தல்ல மூடுறது மெட்டுல தெரியாது, மெட்டுல மூடுறது பூப்பாறையில தெரியாது. கேரளாவுல இருந்து வர்றவன் மேல வந்து நின்னப்புறம்தான் விசயம் தெரிஞ்சுக்கிறான். அம்பது வண்டி பனியில நிக்கும். பொம்பளைக பாத்ரூம் கேட்டு எங்க வீட்டுக் கதவத் தட்டுவாங்க. அவங்களுக்கு ராத்திரி முழுக்க டீ போட்டது நீங்க சொன்ன அதே நாலு கடைதான்.

மூட வேணாம்னு சொல்லல. அரிக்கொம்பன் காட்டானை கம்பம் ஊருக்குள்ள வந்தப்ப 144 போட்டாங்க, யாரும் ஏன்னு கேக்கல. காரணம் கண்ணுக்குத் தெரிஞ்சுச்சு.

ஓய்வுபெற்ற ஓவர்சியர்:
அப்படியானால் இரண்டு தடுப்பும் ஒரே நேரத்தில் விழ வேண்டும். நடுவில் மாட்டிய வண்டிகளை எண்ணி இறக்க வேண்டும். மேலே முடிவெடுக்கிற ஒருவருடைய எண் இரண்டு தடுப்பிலும் போர்டில் இருக்க வேண்டும். ஆம்புலன்ஸுக்கு யார் அனுமதியும் தேவையில்லை என்று எழுதியே வைக்க வேண்டும். இதற்குப் பெரிய செலவு இல்லை, இரண்டு மாநிலத்து அதிகாரிகள் ஒரு மேசையில் உட்கார வேண்டும், அவ்வளவுதான். அதுதான் நடக்காத காரியம்.

ஆரப்பாளையத்தான்:
நடக்காதுன்னு நீங்களே சொல்றீங்க. அதனாலதான் தேதி போட்டு மூடச் சொல்றேன். தேதின்னா யாரும் யாருக்கும் போன் போட வேண்டியதில்ல. நான் இதுல மாறப்போறதில்ல.

காய்க்கடை போடி:
மாறாதீங்க. ஒரு நாள் ஏலத்துக்கு வாங்க, தேதி போட்டு மூடுனா என்ன ஆகும்னு அங்க ஒவ்வொரு ஆளாச் சொல்வான்.

பிக்கப் பாண்டி:
விவாதம் நடக்கட்டும். லோடு ஏத்தியாச்சு. இப்ப ரோடு எப்படியிருக்கு, யாருக்காச்சும் தெரியுமா?

மெட்டுக்காரி:
தம்பிக்கு இப்பத்தான் அடிச்சேன் பாண்டியண்ணே. மேல தூறல்தான், ஆனா பனி இறங்கிருச்சு. பதினோராவது வளைவுல கல்லு கிடந்துச்சாம், ஓரமாத் தள்ளிட்டாங்களாம். பத்து மணிக்குள்ள ஏறிருங்க.