எம்எல்ஏவுக்கு மனு கொடுத்த அனுபவம்: உங்களுக்கு எப்படி?

எங்கள் ஊர் டெல்டாவில், ஒரு வாய்க்காலுக்கு அக்கரை. பள்ளிக்கூடம் இக்கரை. நடுவே இரண்டு தென்னை மரத்தைப் போட்டுத்தான் கடந்துகொண்டிருந்தோம். 2021 நவம்பர் மழையில் ஒரு மரம் அடித்துப் போய்விட்டது. அதற்குப் பிறகு பிள்ளைகளை ஒவ்வொருவராகக் கையைப் பிடித்துத்தான் கடத்திவிடுவோம்.

எம்எல்ஏ அலுவலகத்தில் முதலில் கொடுத்த மனுவில் பாலம், தெருவிளக்கு, ரேஷன் கடை, முதியோர் உதவித்தொகை எல்லாம் இருந்தது. ஊரே கையெழுத்துப் போட்டது. மூன்று மாதம் கழித்து விசாரித்தால், அது போய்ச் சேர்ந்த அலுவலகத்தில் தெருவிளக்குக்கு மட்டும் பதில் எழுதி மனுவை முடித்துவிட்டார்கள். அன்று வீட்டுக்கு வந்து சாப்பிடப் பிடிக்கவில்லை.

எம்எல்ஏவின் உதவியாளர்தான் உட்காரவைத்துச் சொன்னார்: "ஒரு மனுவுக்கு ஒரு கோரிக்கைதான் எழுதணும்ங்க. யாருக்குச் சொந்தமான இடம்னு முதல்ல பாருங்க." சரி என்று வாய்க்காலின் சர்வே எண், தினமும் கடக்கும் பிள்ளைகள் எத்தனை பேர், இரண்டு போட்டோ, இவ்வளவோடு ஒரே பக்கத்தில் எழுதினோம். எம்எல்ஏ கலெக்டருக்குப் பரிந்துரைக் கடிதம் அனுப்பினார், நகல் எங்களுக்கும் வந்தது.

அந்த நகல்தான் எங்களுக்குக் கைகொடுத்தது. தொகுதி மேம்பாட்டு நிதி ஆண்டுக்கு 3 கோடி என்றாலும் எம்எல்ஏ பரிந்துரைக்கத்தான் முடியும். நிர்வாக அனுமதி தருவது கலெக்டர். வாய்க்கால் நீர்வளத் துறையுடையது என்பதால் அவர்களிடம் தடையின்மைச் சான்றும் வாங்க வேண்டியிருந்தது. ஒவ்வொரு மேசையிலும் கடித எண்ணைச் சொல்லிக் கேட்டோம். ஒரு வருஷத்துக்கு மேல் ஆனது. இப்போது கைப்பிடியோடு சிமெண்ட் பாலம்.

*

அண்ணே, எங்கள் பக்கம் நடந்ததையும் சொல்கிறேன். 2022 ஆகஸ்டில், தொகுதியின் முக்கியமான பத்துக் கோரிக்கைகளைப் பட்டியலிட்டுக் கலெக்டரிடம் கொடுக்கச் சொல்லி எல்லா எம்எல்ஏக்களுக்கும் முதலமைச்சர் கடிதம் எழுதினார் இல்லையா, அப்போது பஸ் ஸ்டாண்டில் பெண்களுக்குக் கழிப்பறை வேண்டும் என்று நாங்கள் எழுதிக் கொடுத்தோம். பட்டியலில் இடம் கிடைக்கவில்லை. ஆனால் எம்எல்ஏ கையெழுத்தோடு பதில் வந்தது: கேட்ட இடம் வழக்கில் இருக்கிறது, வேறு இடம் காட்டுங்கள் என்று. முடியாது என்பதைக் காரணத்தோடு சொன்னதே எனக்குப் பெரிய மரியாதையாகப் பட்டது. வேறு இடம் தேடிக் கொடுத்திருக்கிறோம். இன்னும் வேலை ஆரம்பிக்கவில்லை, விடப்போவதில்லை.

*

எங்களுக்கு நகல் எதுவும் வரவில்லையே, என்ன செய்வது?

*

மனு கொடுக்கும்போதே இன்னொரு பிரதி கொண்டுபோய் அதில் தேதியோடு சீல் வாங்கிவிடுங்கள் அக்கா. அப்புறமும் பதில் இல்லையென்றால், மனு போன அலுவலகத்துக்கு 10 ரூபாய் கோர்ட் பீஸ் ஸ்டாம்ப் ஒட்டி, தகவல் உரிமைச் சட்டத்தில் "என் மனு மீது எடுத்த நடவடிக்கை என்ன" என்று கேளுங்கள். 30 நாளில் பதில் தர வேண்டும். எழுதத் தெரியவில்லையென்றால் இங்கேயே சொல்லுங்கள், நான் எழுதித் தருகிறேன்.