தண்டவாள ஓரத்து எல்லைக்கற்கள்: நீங்கள் கண்டதைச் சொல்லுங்கள்

வெள்ளவத்தை வாசி:

கொழும்பு மரைன் டிரைவில் மாலை நடக்கப் போகிறவர்கள் கடலைப் பார்த்துத்தான் நடப்பார்கள். கடலுக்கும் ரோட்டுக்கும் நடுவே ஓடுகிற ரயில் பாதையின் ஓரத்தை ஒரு தடவை பாருங்கள். பம்பலப்பிட்டிக்கும் வெள்ளவத்தைக்கும் இடையில் புல்லுக்குள் தலை மட்டும் தெரிகிற கருங்கல் ஒன்று நிற்கிறது. நான்கு பக்கமும் செதுக்கியிருக்கிறார்கள். எண் இல்லை, அம்புக்குறி இல்லை. அதனால் மைல் கட்டை இல்லை என்பது தெளிவு. ரயில் காணி இதோடு முடிகிறது என்று காட்ட நட்ட எல்லைக்கல் அது.

கரையோரப் பாதை 1877-இல் பாணந்துறை வரை வந்தது, 1895-இல் மாத்தறையைத் தொட்டது. அதற்கு முன்பு இந்தக் கரை முழுவதும் ஆட்களுடைய தென்னந்தோட்டமும் வளவும்தான். தண்டவாளம் வருவதற்கு முன் சேவேயர் வந்து, நடுக்கோடு ஒன்று போட்டு, இரண்டு பக்கமும் எவ்வளவு காணி வேண்டும் என்று அளந்து, எல்லை வளைகிற ஒவ்வொரு இடத்திலும் கல் நட்டார்கள். ஒரு கல்லிலிருந்து அடுத்த கல்லுக்கு நேர்கோடு இழுத்தால் அதுதான் எல்லை.

இதில் எனக்கு மிகவும் பிடித்த விஷயம், இந்தக் கற்கள் தண்டவாளத்தோடு சமமாகப் போவதில்லை. மேட்டை வெட்டிய இடத்திலும் மண் கொட்டி உயர்த்திய இடத்திலும் சரிவுக்கும் சேர்த்து அகலமாக எடுத்தார்கள். ஸ்டேஷன், பாலம் வருகிற இடத்தில் இன்னும் அகலம். ஆகவே கல் ஏன் இவ்வளவு தள்ளி நிற்கிறது என்று யோசித்தால், அந்த நிலம் முன்பு எப்படி இருந்தது என்பது விளங்கிவிடும். உங்கள் பக்கத்தில் கண்டதை எழுதுங்கள். ஒரு வேண்டுகோள்: பாதையில் இறங்கி நடக்க வேண்டாம். ரோட்டிலும் ரயில் கடவையிலும் நின்றே நிறையப் பார்க்கலாம்.

நாரஹேன்பிட்டி:

அண்ணை, எங்கள் பக்கம் களனிவெளிப் பாதை. இங்கே கல்லை விட இரும்புதான் அதிகம் பார்த்திருக்கிறேன். பழைய தண்டவாளத்தைத் துண்டாக்கி நிமிர்த்தி நட்டிருப்பார்கள். சிறு வயதில் அதில் சாய்ந்துகொண்டுதான் ரயில் பார்ப்போம். பிறகு ஒருநாள் துருவைத் தேய்த்துப் பார்த்தபோது பக்கவாட்டில் மேலெழும்பிய எழுத்துகள் தெரிந்தன. தண்டவாளம் உருக்குகிற ஆலை தன் பெயரையும் வருடத்தையும் அப்படித்தான் பதிக்கும் என்று ரயில்வேயில் வேலை செய்த மாமா சொன்னார். ஆனால் அந்த வருடத்தை எல்லை போட்ட வருடம் என்று எடுக்கக் கூடாது என்றும் சொன்னார். தண்டவாளமாகக் கிடந்து தேய்ந்த பிறகுதானே அது தூணாகிறது!

இன்னொன்றும் சொன்னார். களனிவெளிப் பாதை 1902-இல் அவிசாவளைக்குப் போனபோது இரண்டு தண்டவாளத்துக்கும் இடையே 2 அடி 6 அங்குல அகலம்தான். 1990-களில்தான் 5 அடி 6 அங்குலமாக மாற்றினார்கள். சின்னப் பாதைக்குப் போட்ட தண்டவாளம் மெலிதானது. எங்கள் வேலியோரம் நின்ற தூண் மெலிந்ததாகவும், தெமட்டகொடைப் பக்கம் பார்த்தது தடித்ததாகவும் இருந்ததற்குக் காரணம் இதுவாகத்தான் இருக்கும்.

அந்த மெலிந்த தூண் இப்போது இல்லை. பக்கத்து வளவுக்காரர் மதில் கட்டும்போது பிடுங்கிப் போட்டுவிட்டார். எங்கள் காணி உறுதியில் கிழக்கு எல்லை ‘ரயில் பாதை’ என்று மட்டும்தான் இருக்கிறது. எந்த இடத்திலிருந்து ரயில் பாதை என்று காட்ட அந்தத் தூண் ஒன்றுதான் இருந்தது. இன்றைக்கும் மனம் ஆறவில்லை.

நில அளவையில் வேலை செய்தவன்:

தங்கச்சி எழுதியதைப் படித்துவிட்டுச் சும்மா இருக்க முடியவில்லை. கல் போனாலும் எல்லை போகாது. பிளானில் இருக்கும். காணி எடுத்தபோது வரைந்த பழைய பிளானில் அளவு செயினிலும் லிங்கிலும் இருக்கும். ஒரு செயின் 66 அடி, அதில் 100 லிங்க். 80 செயின் ஒரு மைல். 10 சதுர செயின் ஒரு ஏக்கர். நாம் இன்றும் காணி பேசுகிற பேர்ச் ஒரு ஏக்கரில் 160-இல் ஒரு பங்கு. இந்தக் கணக்கு தெரிந்தால், மிஞ்சி நிற்கும் இரண்டு கற்களை வைத்தே காணாமல் போன மூன்றாவதன் இடத்தைப் பிடிக்கலாம். நாங்கள் எத்தனையோ இடத்தில் அப்படிப் பிடித்திருக்கிறோம்.

இன்னொரு பழைய பழக்கமும் உண்டு. எல்லைக்கல்லுக்கு அடியில் கரித்துண்டு, உடைந்த ஓடு போல உக்காத எதையாவது புதைப்பது. மேலே உள்ள கல்லை யாராவது நகர்த்தினாலும் அடியில் கிடப்பது சாட்சி சொல்லும். இது வெள்ளைக்காரன் கொண்டு வந்தது இல்லை. எல்லையில் கரியும் ஓடும் புதைத்து வைக்கச் சொல்லி மனுநூலிலேயே இருக்கிறது. நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில், கல் இல்லாத குழி ஒன்றில் கரி கிடைத்ததும் எங்கள் பெரியவர் மண்வெட்டியைக் கீழே போட்டுவிட்டுச் சிரித்த முகம் இப்போதும் நினைவில் இருக்கிறது. அதோடு அந்தக் காணிச் சண்டையும் முடிந்தது.

ஹரோ, லண்டன்:

கொட்டாஞ்சேனையில் பிறந்தவள், இப்போது இங்கே. இங்குள்ள ரயில் எல்லைக்கட்டைகளில் கம்பனியின் பெயர் வார்த்திருக்கும். கிரேட் வெஸ்டர்ன் ரயில்வேயின் வார்ப்பிரும்புக் கட்டைகளில் 1889 என்ற வருடத்தோடு பார்த்திருக்கிறேன். பாதைகள் ஆளுக்கொரு தனியார் கம்பனியிடம் இருந்ததால் பெயர் போட வேண்டி வந்தது. இலங்கையில் 1845-இல் தொடங்கிய கம்பனியால் முடியாமல் போய், அரசாங்கமே பொறுப்பெடுத்துத்தான் பாதை போட்டது. சொந்தக்காரர் ஒருவர்தான் என்றால் பெயர் எதற்கு? அண்ணை சொன்ன கல் வெறுமையாக இருப்பதற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்.

ஆனால் ரயில் பாதையோரம் நிற்கிற எல்லாமே ரயில்வேயுடையது இல்லை. லண்டனைச் சுற்றி நிலக்கரி வரிக் கட்டைகள் நிற்கின்றன. 1666 தீக்குப் பிறகு நகரத்தைத் திரும்பக் கட்ட நிலக்கரி மேல் வரி போட்டார்கள். அந்த வரி 1889-இல் சட்டம் போட்டு நீக்கும் வரை நீடித்தது. 1861 சட்டத்துக்குப் பிறகு, வரி எங்கே தொடங்குகிறது என்று காட்ட ரோட்டோரம் இடுப்பளவு இரும்புக் கட்டையும், ரயிலோரம் ஆளை விட உயரமான தூணும் நட்டார்கள். 200-க்கு மேல் இன்னும் நிற்கின்றன. பல கட்டைகளுக்குச் சட்டப் பாதுகாப்பும் கொடுத்திருக்கிறார்கள். வரி போய் இவ்வளவு காலமாகியும் கட்டையை மதிக்கிறார்கள். கொழும்பிலும் அப்படி நடக்க வேண்டும் என்று ஆசையாக இருக்கிறது.

தெமட்டகொடை:

தடித்த தூண் எங்கள் பக்கத்தில் என்று நாரஹேன்பிட்டி அக்கா சொன்னது சரி. கோப்பி ஏற்ற 1864-இல் அம்பேபுஸ்ஸ வரை போட்ட முதல் பாதை இந்தப் பக்கமாகத்தான் போகிறது. இங்கே பாதை திரும்பத் திரும்ப அகலமானதால் எது முதல் எல்லை, எது பிறகு வந்தது என்று பிரிப்பது கஷ்டம். ஒரு இடத்தில் கல்லும் இரும்புத் தூணும் கொங்கிறீட் கட்டையும் பத்தடிக்குள் நிற்கின்றன. உள்ளே நிற்பது பழையதாகவும் வெளியே நிற்பது புதியதாகவும் இருக்க வேண்டும் என்பது என் எண்ணம். ஐயா, இது சரியா?

நில அளவையில் வேலை செய்தவன்:

பெரும்பாலும் சரி தம்பி. ஆனால் வெளியே நிற்பது பழைய எல்லையாகவும், உள்ளே நிற்பது வெறும் வேலிக் கட்டையாகவும் இருக்கலாம். வேலியை எல்லைக்கு உள்ளே தள்ளிப் போடுவது சாதாரண வழக்கம். பிளானைப் பார்க்காமல் முடிவெடுக்காதீர்கள்.

வெள்ளவத்தை வாசி:

ஐயா, மிக்க நன்றி. தங்கச்சி, நில அளவைத் திணைக்களத்தின் தலைமை அலுவலகம் உங்கள் நாரஹேன்பிட்டியிலேயே இருக்கிறது. உறுதியில் பிளான் எண் இருந்தால் அதை எழுதிக்கொண்டு போய்ப் பிரதி கேளுங்கள். தூண் நின்ற இடத்தை மதில் காரரோடு பேசும்போது அது கையில் இருக்கட்டும். மற்றவர்கள், படம் எடுத்தால் பக்கத்தில் உள்ள கடவையின் பெயரையும் சேர்த்துக் குறியுங்கள். அடுத்து இரத்தினபுரிப் பக்கம் யாராவது எழுதினால் நல்லது. அங்கே 1970-களில் ரயிலே நின்றுவிட்டது. தண்டவாளம் போன பிறகு எல்லையில் என்ன மிச்சம் என்று அறிய ஆவலாக இருக்கிறேன்.