பற்றரி இல்லாத லப்டொப்பில் பயோஸ் (லப்டொப்பை எழுப்பும் அடிப்படை மென்பொருள்) அப்டேட் செய்த அனுபவம் யாருக்காவது உண்டா?

கடற்கரைவீதி:
2022இல் நடந்தது, இன்னும் மனதை விட்டுப் போகவில்லை. தங்கச்சியின் டெல் லப்டொப். பற்றரி ஊதி டச்பேடையே மேலே தள்ளிவிட்டதால் கழற்றியாச்சு. டொலர் தட்டுப்பாட்டு நேரம், புதுப் பற்றரி கேட்ட கடையெல்லாம் கைவிரித்தது. ஃபேன் ஓயாமல் இரைகிறது, புது பயோஸ் போட்டால் குறையும் என்றார்கள். ஆனால் அப்டேட் ஃபைல் ஓட மறுத்தது. சார்ஜரும் செருகியிருக்க வேண்டும், பற்றரியில் 10 சதவீதத்துக்கு மேல் சார்ஜும் இருக்க வேண்டுமாம். அந்தச் சோதனையைத் தாண்ட கமாண்டில் /ஃபோர்ஸ்இட் சேர்த்து ஓடவிட்டேன்.

வெள்ளவத்தையில் அன்றைய மின்வெட்டு முடிந்து கரண்ட் வந்த பிறகுதான் தொடங்கினேன். ரீஸ்டார்ட் ஆகி, கறுப்புத் திரையில் அப்டேட் எவ்வளவு முடிந்தது என்று காட்டும் கோடு பாதி தாண்டியிருக்கும், ஹோல் லைட் ஒருமுறை மங்கி எழும்பியது. ஃபேன் சத்தம் இறங்கி மறுபடி ஏறியது. தங்கச்சி என் கையை இறுக்கிப் பிடித்துவிட்டாள். கோடு நகர்ந்தது, முடிந்தது, லப்டொப் இன்றைக்கும் ஓடுகிறது. அந்த மங்கல் இன்னொரு நொடி நீடித்திருந்தால்?

சோல்டர்மணம்:
தம்பி, தப்பியது சந்தோஷம். ஆனால் அந்த கமாண்டை இங்கே போட்டது சரியில்லை, நாளைக்கு நாலு பேர் பார்த்துச் செய்வார்கள். பயோஸ் இருக்கும் சிப்பில் புதியதை எழுத முன் பழையதை அழிக்க வேண்டும். அழித்த இடத்தில் எழுதி முடியாமல் கரண்ட் போனால் மதர்போர்ட் எழும்பாது. பற்றரி கேட்பது அதற்குத்தான்.

பம்பலப்பிட்டியில் ரிப்பேர் வேலை செய்கிறேன். கம்பஸ் பிள்ளை ஒன்று அப்படித்தான் கொண்டுவந்தது. அப்டேட் ஓடும்போது யாரோ வயரில் கால் தட்டியிருக்கிறார்கள். திரை கறுப்பு, கேப்ஸ் லொக் லைட் மட்டும் விட்டு விட்டு மின்னுகிறது. நாளைக்கு அசைன்மென்ட் அண்ணா என்று நின்றபடியே அழுதது. எட்டுக் கால் சிப்பில் கிளிப்பை மாட்டி, சிஎச்341ஏ புரோகிராமரால் (சிப்பை வாசித்து எழுதும் கருவி) வாசித்தால் ஒவ்வொரு தடவையும் வேறு வேறு ஃபைல் வருகிறது. கிளிப் வடிவாகப் பிடிக்கவில்லை. துடைத்து, திரும்ப மாட்டி, இரண்டு வாசிப்பு ஒத்துப்போன பிறகுதான் எழுதினேன். சீரியல் நம்பர், விண்டோஸ் கீ எல்லாம் அதே சிப்பில்தான். வாசித்து வைக்காமல் எழுதினால் அதுவும் போச்சு.

கொட்டாஞ்சேனைப்பெடியன்:
என்னுடையதில் சார்ஜர் பின் லூஸ். பற்றரியும் இல்லை. அம்மாதான் பின்னை இரண்டு விரலால் சரித்துப் பிடித்துக்கொண்டு, மூச்சு விடாமல் இருந்தா. முடிந்ததும் விரல் வெளிறிப் போயிருந்தது. சரிவந்தது.
சோல்டர்மணம் அண்ணா, நீங்கள் சொல்வது விளங்குது. ஆனால் பற்றரி விலை எங்கள் பழைய லப்டொப்பின் விலைக்குக் கிட்ட வருகிறது. வழி இல்லாதவர் என்ன செய்வது?

மூன்றாம்மாடி:
வழி இருக்கிறது தம்பி, யூபிஎஸ். கரண்ட் போனால் தன் பற்றரியால் ஓட்டும் பெட்டி. என் கதை சின்னது: 2025 பெப்ரவரி 9, பாணந்துறை உபநிலையத்தில் குரங்கு பாய்ந்து நாடே இருண்ட ஞாயிறு. முற்பகலில் பயோஸ் ஓடிக்கொண்டிருந்தது. லைட் எல்லாம் போச்சு, யூபிஎஸ் கீச்சிட்டது, லப்டொப் தன்பாட்டில் எழுதி முடித்தது.

அப்புறம் இதையும் கவனியுங்கள். 65 வொட் சார்ஜருக்கு 650 விஏ யூபிஎஸ் தாராளம். ஆனால் வீட்டில் கிடக்கும் யூபிஎஸ்ஸின் பற்றரி செத்திருக்கலாம், முதலில் வேறு ஏதாவது லோட் கொடுத்துச் சுவர் பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். விண்டோஸில் பிட்லொக்கர் (டிஸ்க்கைப் பூட்டி வைக்கும் வசதி) இருந்தால் அதை இடைநிறுத்திவிட்டுத் தொடங்குங்கள், இல்லாவிட்டால் ரீஸ்டார்ட்டில் ரிகவரி கீ கேட்டு நிற்கும். விண்டோஸில் அப்டேட்டைக் கிளிக் பண்ணும்போது பெரும்பாலும் சிப்பில் எதுவும் எழுதப்படாது, ரீஸ்டார்ட்டுக்குப் பிறகுதான் உண்மையான வேலை. அப்போது யாரையும் மேசைக்குக் கிட்ட விடாதீர்கள். கறுப்புத் திரை வந்தாலும் உடனே கடைக்கு ஓட வேண்டாம். எச்பியில் விண்டோஸ் கீயும் பி-யும், டெல்லின் புதிய மாடல்களில் கன்ட்ரோலும் எஸ்கேப்பும் அழுத்திப் பிடித்தால் பயோஸை மீட்கும் ரிகவரி வர வாய்ப்புண்டு. லூஸ் பின்னை மட்டும் முதலில் மாற்றுங்கள், அதற்கு யூபிஎஸ் உதவாது.

சோல்டர்மணம்:
யூபிஎஸ் சரி, ஏற்றுக்கொள்கிறேன். வீட்டில் புரோகிராமர் வாங்கி முயற்சி செய்பவர்களுக்கு ஒன்று: சிப்பின் நம்பரைப் பார்த்து 3.3 வோல்ட்டா 1.8 வோல்ட்டா என்று உறுதி செய்யாமல் கிளிப்பை மாட்ட வேண்டாம். 1.8 சிப்புக்கு 3.3 கொடுத்தால் சிப் எரிந்துபோகலாம்.

கடற்கரைவீதி:
அண்ணா, புரோகிராமரின் வோல்ட்டை 1.8 ஆகக் குறைக்கும் அடாப்டர் புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவில் கிடைக்குமா, இல்லை ஒன்லைனில்தான் எடுக்க வேண்டுமா?