ஏற்காட்டில் புல் வேய்ந்த கூரை விரைவில் மட்குகிறது. மழையில்லாத நாளிலும் சொட்டுகிறது: காரணம் என்ன?

கேள்வி (நாகலூர்)

வணக்கம். சிமென்ட்டையும் இரும்பையும் இயன்றவரை தவிர்க்க எண்ணி, எங்கள் காப்பித் தோட்டத்தில் மண்சுவரும் மூங்கில் கைமரமும் (கூரையைத் தாங்கும் சாய்வுச் சட்டம்) கொண்ட 14 அடி அகல வீடு ஒன்றைக் கட்டி, மலைப்புல்லால் அரையடிக் கனத்தில் கூரை வேய்ந்தோம். ஒழுகாமல் இருப்பதற்காக வரிச்சின்மேல் (கைமரங்களுக்குக் குறுக்கே கட்டும் சட்டம்) பாலித்தீன் தாளை விரித்து, அதன்மேல் புல்லைக் கட்டுமாறு கட்டுநர் சொன்னார், அவ்வாறே செய்தோம். இரண்டு மழைக்காலம் முடிவதற்குள் இறவாரத்துப் (கூரையின் கீழ்விளிம்பு) புல் கறுத்துவிட்டது. தொட்டால் ஈரச் சாணம்போலக் கையில் ஒட்டுகிறது. இதைவிட விளங்காதது, மழை பெய்யாத நாளிலும் விடியற்காலையில் கட்டிலின்மேல் நீர் சொட்டுவதுதான். மயில்துத்தக் (தாமிர சல்பேட்) கரைசல் தெளித்தால் போதுமா? அல்லது மட்கக்கூடியது என்று சொல்லிச் சேலத்தில் விற்கும் பழுப்பு நிற நெளிதகட்டுக்கு மாறிவிடலாமா?

மறுமொழி (ஏற்காடு)

சுவர் மட்டத்திலிருந்து முகடு எத்தனை அடி உயரத்தில் உள்ளது, சமையல் வீட்டுக்குள்ளேயே நடக்கிறதா என்ற இரண்டையும் முதலில் தெரிவியுங்கள்.

கேட்டவர்

முகட்டின் உயரம் மூன்றரை அடி. சமையல் உள்ளேதான், ஒரு மூலையில். மேற்குப் பக்கக் கூரைக்கு மேலே சில்வர் ஓக் கிளைகள் கவிந்துள்ளன.

மறுமொழி (ஏற்காடு)

அப்படியானால் உங்கள் வீட்டில் இரண்டு தனித்தனிக் கோளாறுகள் உள்ளன. இரண்டும் அந்தத் தாளில்தான் வந்து சேருகின்றன.

விடியலில் சொட்டுவது மழைநீர் அன்று. அடுப்பிலிருந்தும் உறங்குபவர்களின் மூச்சிலிருந்தும் எழும் நீராவி வெளியேற வழியின்றி, இரவுக் குளிரில் சில்லிட்டுக் கிடக்கும் பாலித்தீனின் அடிப்பக்கத்தில் துளித்துளியாகப் படிந்து கீழே விழுகிறது. தாள் இல்லாத புற்கூரையில் அந்த ஆவி புல்லின் இடுக்குகள் வழியே தானாகவே வெளியேறிவிடும்.

புல் மட்குவதற்கு முதற்காரணம் கூரைச் சாய்வு போதாமை. அரை அகலம் 7 அடி, உயரம் மூன்றரை அடி என்றால் சாய்வு ஏறத்தாழ 27 பாகைதான். புற்கூரைக்குக் குறைந்தது 45 பாகை வேண்டும், அதாவது முகடும் 7 அடி உயரவேண்டும். அந்தச் சாய்வில் மழைநீர் மேலுள்ள ஓரிரு அங்குலத்தை மட்டும் நனைத்துவிட்டுத் புல்லுக்குப் புல் வழிந்து இறங்கிவிடும். உங்கள் கூரையிலோ நீர் உள்ளே இறங்கிப் பாலித்தீனில் தடைபட்டு, அதன்மேலேயே சரிந்து இறவாரத்தில் தேங்குகிறது; கீழ்க்காற்று படாததால் மழை விட்ட பின்னும் அந்த இடம் காய்வதில்லை. கிளை நிழல் விழும் பக்கம் இன்னும் மோசமாக இருக்கும், பார்த்துச் சொல்லுங்கள்.

மயில்துத்தம் வேண்டாம். காப்பிச் செடிக்குச் சுண்ணாம்போடு கலந்து தெளிக்கும் பழக்கத்தில் இந்த யோசனை வந்திருக்கும். கூரையில் தெளித்தால் அடுத்த மழையில் அது கழுவப்பட்டுக் கிணற்றுப் பக்கம் போகும், ஈரமோ அப்படியே இருக்கும்.

மறுமொழி (சேலம்)

அந்த நெளிதகடு பெரும்பாலும் காகிதக் கூழ் நாரைத் தாரில் தோய்த்துச் செய்வது. எடை குறைவு, மழைச் சத்தமும் குறைவு என்பது உண்மைதான்; ஆனால் தார் ஏறிய பொருள் எருக்குழியில் மட்காது. தென்னங்கீற்று மட்கும் என்றாலும் ஓரிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மாற்றவேண்டும். கீழேயிருந்து மலைக்கு ஏற்றிச் செல்லும் வாடகையையும் எண்ணிப் பாருங்கள். உங்களுக்குப் புல்லே பொருத்தம்.

ஒன்றை மட்டும் வற்புறுத்திச் சொல்கிறேன்: அடுப்பை வெளியே மாற்றிவிடுங்கள். 2004 ஜூலையில் கும்பகோணத்துப் பள்ளியில் சமையற்கூடத்துத் தீ கீற்றுக்கூரையில் பற்றியதில் 94 குழந்தைகள் இறந்தனர். மின்கம்பிகளும் குழாய்க்குள் செல்லட்டும்; புல்லைத் தொடவே கூடாது.

கேட்டவர்

நன்றி ஐயா. ஓரிடத்தில் புல்லைப் பிரித்துப் பார்த்தோம். முகட்டருகே மேற்புல் நனைந்திருந்தாலும் நடுப்பகுதி இன்னும் வைக்கோல் நிறத்திலேயே உள்ளது. இறவாரத்தில், அதுவும் மேற்குப் பக்கம், தாளை ஒட்டிய நான்கு விரற்கனம் முழுதும் கறுப்பு. வடகிழக்குப் பருவமழை நெருங்குகிறது. இப்போதே முகட்டை உயர்த்தலாமா? கைமரங்களில் சிலவற்றிலிருந்து மாவுபோல் தூளும் உதிர்கிறது.

மறுமொழி (ஏற்காடு)

இப்போது முகட்டைத் தொடாதீர்கள். புல் முற்றிக் காய்ந்து அறுப்புக்கு வருவதற்கு மழை ஓய்ந்து தை மாதம் பிறக்கவேண்டும். பச்சைப் புல்லை வேய்ந்தால் சுருங்கி இடைவெளி விழும். அதுவரை கூரைக்கு மேலே முக்கால் அடி இடைவெளி விட்டு மூங்கில் சட்டத்தில் தார்ப்பாய் கட்டுங்கள். பாய் புல்லில் படியாமல், இருபுறமும் காற்று நுழையும்படி இருக்கவேண்டும். கிளைகளை இப்போதே கழித்துவிடலாம். தையில் தாளை முழுவதும் உருவிவிட்டு, முகட்டை 7 அடிக்கு உயர்த்தி, ஓரடிக் கனத்தில், நைலானுக்குப் பதில் தேங்காய் நார்க்கயிற்றால் கட்டி வேயுங்கள். இறவாரம் சுவரிலிருந்து இரண்டடியாவது வெளியே நீண்டால்தான் மண்சுவர் தப்பும்.

தூள் உதிர்வது துளைக்கும் வண்டின் வேலை. மூங்கிலில் உள்ள மாவுச்சத்துதான் அதற்கு இரை. குத்தூசியை அழுத்தினால் உள்ளே இறங்கும் கைமரங்களை மாற்றிவிடுங்கள். புதியவற்றை மூன்றாண்டு முற்றிய மூங்கிலாகப் பார்த்து வெட்டி, கணுக்களின் உட்தடுப்பைத் துளையிட்டு, வெண்காரமும் (போராக்ஸ்) போரிக் அமிலமும் கரைத்த நீரில் ஊறவைத்து, நிழலில் உலர்த்திப் பொருத்துங்கள். அந்த உப்பு மழையில் கரைந்து போகும்; ஆதலால் சுவரைத் தாண்டி நீளும் நுனிகளைப் புல் முழுவதும் மூடியிருக்கவேண்டும்.