செவலையோட கொம்பு

குழு: அப்பா வீட்டுச் சொந்தங்கள்

கதிர்: செல்வி அத்தை, நம்ம ஆட்டுக் கிடா செவலை செத்துடுச்சு. அதோட தலையைத் தனியா எடுத்து வெச்சிருக்கோம். தோல் உரிச்சாச்சு. கொம்போட கூடத்துச் சுவர்ல மாட்டணும். அண்டாவுல போட்டு நல்லா கொதிக்க விட்டா ஒரே நாள்ல சுத்தமாயிடும்ல?

செல்வி அத்தை: அடுப்புல ஏத்திட்டியா?

கதிர்: இன்னும் இல்ல.

செல்வி அத்தை: ஏத்தாதே. கிடா எப்படிடா செத்துச்சு? மூக்குலயும் வாயிலயும் ரத்தம் வந்து திடீர்னு செத்திருந்தா தொடவே கூடாது. அடைப்பான் நோயா இருக்கலாம், ஆந்த்ராக்ஸ்னு சொல்வாங்களே அது. அதோட வித்து மண்ணுல பல வருஷம் உயிரோட கிடக்கும்.

மீனா: இல்ல அத்தை, வயசாகித்தான். 13 வயசு. கடைசி ஒரு மாசம் எழுந்திருக்கவே இல்ல. டாக்டர் வந்து பார்த்தார்.

செல்வி அத்தை: சரிம்மா. இருந்தாலும் கையுறை போடாம தொடாதீங்க. கொதிக்க வெச்சா கொழுப்பு எலும்புக்குள்ள இறங்கிடும், பின்னாடி மஞ்சளா கசிஞ்சுகிட்டே இருக்கும். மூக்குக்குள்ள காகிதம் மாதிரி சுருள் எலும்பு இருக்கு, அதுவும் நொறுங்கிடும். பின்னந்தலை ஓட்டை வழியா வளைச்ச கம்பியை விட்டு மூளையைக் கலக்கி, குழாய்த் தண்ணியை வேகமா அடிச்சு வெளியேத்து. அப்புறம் வாளித் தண்ணில முழுக்கி வை. கொம்போட அடியும் முழுகணும்.

கதிர்: எத்தனை நாள்?

செல்வி அத்தை: ரெண்டு மூணு வாரம் ஆகும். தண்ணில இருக்கிற கிருமிதான் சதையைக் கரைக்கும். 30, 35 டிகிரி சூடு இருந்தா வேகமா நடக்கும். தண்ணி மாத்தும்போது பாதிதான் மாத்தணும், மொத்தமா கொட்டினா கிருமியும் போயிடும். நாத்தம் அடிக்கும், வீட்டுக்குத் தள்ளி வை.

ரவி சித்தப்பா: அக்கா, அவ்வளவு நாள் ஊறினா கொம்பு கழண்டுடாதா?

செல்வி அத்தை: கழலணும் ரவி. ஆட்டுக் கொம்பு நம்ம நகம் மாதிரி ஒரு உறை, உள்ள எலும்பு. நடுவுல இருக்கிற சதை அழுகினாத்தான் உறை வரும். அதைச் சுத்தம் பண்ணாம விட்டா மாட்டின பிறகு நாறும். மான் கொம்புதான் வேற, அது முழுக்க எலும்பு, கழட்ட முடியாது.

(16 நாள் கழித்து)

கதிர்: அத்தை, வலது கொம்பு வந்துடுச்சு! துணி சுத்திப் பிடிச்சு மெதுவா திருகினேன், சளக்னு சத்தத்தோட கைக்கு வந்துச்சு. உள்ள இருக்கிற எலும்புல பூரா சின்னச் சின்ன ஓட்டை. இடது அசையவே இல்ல.

செல்வி அத்தை: திருப்புளி வெச்சு நெம்பிடாதே, எலும்பு பிளந்துடும். இன்னும் நாலு நாள் ஊறட்டும். வாளித் தண்ணியைச் சல்லடை வெச்சுதான் ஊத்தணும், பல் கழண்டு அடியில கிடக்கும். ஆட்டுக்கு மேல் தாடையில முன்பல்லே கிடையாது, கீழ 8.

மீனா: செவலைக்கு முன்னாடியே ரெண்டு விழுந்துடுச்சு அத்தை. 5 கிடைச்சுது. ஆறாவது சேத்துக்குள்ள இருந்துச்சு, நான்தான் தடவி எடுத்தேன்.

செல்வி அத்தை: நல்ல வேலை செஞ்ச கண்ணு. வெள்ளைக் கோந்து தடவி அதே குழியில உட்கார வைக்கலாம்.

ரவி சித்தப்பா: வெளுக்க பிளீச்சிங் பவுடர் போதுமா?

செல்வி அத்தை: வேண்டவே வேண்டாம். ஆய்வகத்துல வேலைக்குச் சேர்ந்த புதுசுல ஒரு செம்மறித் தலையை அப்படித்தான் கெடுத்தேன். அன்னைக்குப் பளிச்னு இருந்துச்சு. அடுத்த வருஷம் துடைக்க எடுத்தா சுண்ணாம்பு மாதிரி கையில ஒட்டுச்சு. குளோரின் எலும்பை உள்ளேயே அரிச்சிடும். இன்னிக்கும் அதை நினைச்சா மனசு கேக்காது. கதிர், முதல்ல பாத்திரம் தேய்க்கிற சோப்புத் திரவம் கலந்த வெதுவெதுப்பான தண்ணில போடு. மேல எண்ணெய் மிதக்கிறது நிக்கிற வரைக்கும் மாத்திகிட்டே இரு. அப்புறம் 3 சதவீத ஹைட்ரஜன் பெராக்சைடுல ஒரு நாள். மூடியை இறுக்காதே, வாயு சேரும். கொம்பு உறையில மட்டும் அது படக்கூடாது, நிறம் போயிடும்.

(ஆறு வாரம் கழித்து)

கதிர்: காய்ஞ்சிடுச்சு அத்தை. கண்குழி ஓரம் விரல் வெச்சா வழவழன்னு இருக்கு. கொம்பை எப்பாக்சி போட்டு ஒட்டலாமா?

செல்வி அத்தை: உள் எலும்பு நல்லா உலர்ந்திருந்தா ஒட்டு. அதுக்கு முன்னாடி உறையோட வெளிப்பக்கத்தை உப்புத்தாள் போட்டுத் தேய்ச்சு, லேசா எண்ணெய் பூசிடு. துணி அரிக்கிற பூச்சி கொம்பையும் அரிக்கும், அப்பப்போ பார்த்துக்கணும்.

மீனா: பாட்டி சொல்றாங்க, இடது கொம்பு நுனியைத் தேய்க்க வேண்டாமாம். தினம் காலையில கொட்டகைப் படல்ல உரசி உரசித்தான் அது மழுங்கிச்சாம்.

செல்வி அத்தை: ஆமா, அம்மா சொல்றது சரி. அந்த இடத்துல எண்ணெய் மட்டும் பூசு.

கதிர்: நுனியைத் தொடல பாட்டி. படல்ல ஒட்டின பச்சைப் பெயின்ட்கூட ஒரு கோடு அப்படியே இருக்கு.